செல் என்று கத்தினார்கள்

சுவிஸில், நொஷாட்டல் ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தில் எனக்கு உடுப்புத் தோய்க்கும் வேலை கிடைத்தது. பெரிய கழகம் அல்ல. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலைக்குப் போவார்கள், மிச்சப் பேருக்குச் சம்பளம் உண்டு. பார்வையாளர் மேடைக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதற்குள் இரண்டு தோய்க்கும் மெஷினும் ஒரு காயவைக்கும் மெஷினும். என் அகதி மனுவுக்கு முடிவு வராத வருடங்கள் அவை. கன்டோன் என்கிற மாநில எல்லையைத் தாண்டி வேலை செய்ய முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பு, மொஸ்கோ, பெர்லின், மிலான் என்று ஓடிப் பழகிய எனக்கு, ஓரிடத்தில் இரு என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. வேலை கஷ்டமாக இல்லை.

சேர்ந்த வாரமே ஊர் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்தேன். பிற்பகல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. உலர்ந்த மேற்சட்டைகளைக் கூடையில் போட்டு, மைதானத்தின் கோட்டோரமாகத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே இருந்து ஒருவன் "செல்! செல்!" என்று கத்தினான். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. ஆமி முகாமில் இருந்து செல், அதாவது எறிகணை, கிளம்பிய சத்தத்தை முதலில் கேட்டவன் அப்படித்தான் கத்துவான், மற்றவர்கள் நின்ற இடத்தில் விழுந்து படுப்பார்கள். நானும் படுத்தேன். கூடை ஒரு பக்கம் உருண்டது. முகம் ஈரப் புல்லில் இருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது முழு அணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வந்து சட்டைகளைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டான். நான் சேர்ந்த அதே வாரம் இங்கிலாந்தில் இருந்து வந்து சேர்ந்தவன். கோலுக்கு முன்னால் நின்று எதிரணியை மறிக்கிற ஆள். ஊரில் நாங்கள் அந்த ஆளை 'பெக்' என்போம். நானும் சிறுவயதில் பெக்தான். அவனுக்கு முப்பது தாண்டியிருந்தது. முன்தலை ஏறியிருந்தது, மூக்கு ஒரு காலத்தில் உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்தது.

"அவங்கள் என்ன கத்துறாங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்கு விளங்கியபடி என் தமிழில் எழுதுகிறேன்.

"தெரியாது. நான் வேறை ஒண்டெண்டு நினைச்சிட்டன்."

"என்னைப் பாத்தும் அதைத்தான் கத்துறாங்கள்."

நாங்கள் கதைப்பதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எட்டாம் வகுப்பும் கொழும்பு லொட்ஜுகளும் கற்றுத் தந்தது. பிரெஞ்சு, உணவகச் சமையலறையில் திட்டு வாங்கிப் படித்தது. இரண்டு அரைகுறையைச் சேர்த்தால் ஒரு முழு மொழிபெயர்ப்பாளன் வருவான் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அன்றே என்னை அந்த வேலைக்கும் வைத்துக்கொண்டார்.

முதல் வேலையாக 'செல்' என்ற அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருளைக் கேட்டேன். அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த விரலைச் சுற்றி மற்றக் கையால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வேறு யாரும் இல்லை.

"தனிய," என்று அவனுக்குச் சொன்னேன். "நீ தனிய எண்டு கத்துறாங்கள்."

அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். "சரி," என்றான். "அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை."

அவனுக்குப் பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் கழகம் ஒரு வீடு எடுத்துக் கொடுத்திருந்தது. விடியுமுன் பாண் வாசம் வந்து எழுப்பிவிடும், பிறகு பகல் முழுக்கச் செய்ய ஒன்றும் இருக்காது என்பான். இலையுதிர் காலம் பிறந்ததும் ஏரியில் இருந்து பனிப்புகார் ஏறி ஊரை மூடிவிடும். எதிரே மலை இருக்கிறதென்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையக் கடை தவிர எதுவும் திறக்காது. அங்கே அவன் ஒரு பியரும் நான் ஒரு கோப்பியும் எடுத்துக்கொண்டு இருப்போம். ரயில்கள் வரும், போகும். அதிகம் கதைக்க மாட்டோம். கதைப்பதற்குப் போதுமான சொற்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கவில்லை.

இருந்த சொற்களில் தன் ஆட்டக்காலத்தைச் சொன்னான். துண்டு துண்டாகத்தான். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர்க் கழகத்தில் பயிலுநராகச் சேர்ந்தது. பெரிய ஆட்டக்காரர்களின் சப்பாத்தைத் துடைத்தது. பிறகு தன் சப்பாத்தை வேறு பெடியன்கள் துடைத்தது. கீழ்ப் பிரிவுகளில் பல வருடம். மேல்பிரிவில் ஒரே ஒரு பருவம், அதிலும் பாதி மாற்று ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்து. தொலைக்காட்சியில் காட்டிய ஒரு கிண்ணப் போட்டியில் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தலையால் முட்டியது. அதைச் சொல்லும்போதுதான் சிரித்தான். பிறகு முழங்கால். கழகம் அவனை விட்டது, மனைவியும் விட்டாள். முகவர் ஒருவன் சுவிஸில் பெரிய கழகம் என்று சொல்லி இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"எங்களையும் கனடா எண்டு சொல்லித்தான் ஏத்தினவங்கள்," என்றேன்.

அவனுடைய ஒப்பந்தம் கோடையோடு முடியும். இன்னும் ஒரு வருடம் வேண்டும், அதுதான் அவனுக்கு. பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன். அது கிடைக்காவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது. இனி வேறு கழகம் எடுக்காது என்று அவனுக்கே தெரியும்.

ஆனால் அவன் ஆடிய விதம் ஒப்பந்தம் கிடைக்கிற விதமாக இல்லை. பந்து காலுக்கு வந்தவுடன், கிட்ட ஒருவரும் இல்லாவிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்தான். ஏரிப் பக்கம் அடித்தால் பந்து எடுக்கிறவர்கள் வேலி ஏற வேண்டும். சனம் விசில் அடித்தது.

என்னோடு அறையில் இருந்த அண்ணை சனிக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று ஓசியில் பார்ப்பார். முதியோர் இல்லச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவர். இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு இந்தக் கதை போதும்.

"உன்ர இங்கிலிஷ்காரன் இண்டைக்கும் பந்தை ஏரிக்கை விட்டிட்டான். மீனுக்கு விளையாட்டுப் பழக்கிறானாக்கும்."

"பேசாமல் தின்னுங்கோ அண்ணை."

"இல்லையடா, உண்மையாக் கேக்கிறன். இங்கிலாந்திலை கோல் வெளியிலையோ இருக்கிறது?"

பயிற்சியாளருக்கும் பொறுமை போய்விட்டது. ஒருநாள் இருவரையும் கூப்பிட்டார். "யாருமே கிட்ட இல்லாதபோது ஏன் பந்தை வெளியே அடிக்கிறாய் என்று கேள்."

கேட்டேன்.

"தனிய விட்டால் வேறை என்ன செய்யிறதாம்?" என்றான் அவன்.

அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். பயிற்சியாளரின் வாய் திறந்தபடி நின்றது. "தனிய நிற்கும்போதுதானே எல்லாம் செய்யலாம்!" என்றார்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இருவரில் ஒருவருக்குப் பைத்தியம் என்று முடிவெடுத்துவிட்டது தெரிந்தது. இருவருக்கும் என்று நான் நினைத்தேன்.

குளிர் விடுமுறை முடிந்து, புல் மீண்டும் தெரியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெனான் என்ற ஊரில் இருந்து எங்கள் தமிழ்ப் பெடியன்கள் ரயிலில் வந்திருந்தார்கள். பூங்காவில் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். நான் வழக்கம்போல் பெக். பந்து ஒன்று என்னிடம் வந்தது. முன்னால் நின்ற அண்ணை கையை விரித்துக்கொண்டு கத்தினார்.

"டேய், தனியத்தானே நிக்கிறாய்! ஆறுதலா எடன்!"

நான் பந்தின் மேல் காலை வைத்தபடி நின்றுவிட்டேன். தனிய. ஆள் கிட்ட இல்லை, அவசரம் இல்லை, நிமிர்ந்து பார்த்து விருப்பமான ஆளுக்குக் கொடு. இதைத்தான் அவர்கள் அவனுக்கு இத்தனை மாதமாகக் கத்தினார்கள். உன்னைத் தனியாக விட்டுவிட்டோம் என்று அல்ல. நான் நின்ற நேரத்தில் எதிரணிப் பெடியன் ஒருவன் வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டான்.

"ஆறுதலா எண்டால் நித்திரை கொள்ளச் சொன்னனானோ, விசரா!" என்றார் அண்ணை.

அடுத்த நாளே அவனுக்கு விளக்கினேன். நிலத்தில் தடியால் கோடு கீறி, கல்லை வைத்து, ஆள் இங்கே, நீ அங்கே என்று காட்டினேன். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரம்," என்றான். "எங்கடை ஊரிலை அதுக்கு 'நேரம்' எண்டுதான் கத்துவம். நேரம் இருக்கு எண்டு."

"இவங்கள் தனிய எண்டு கத்துறாங்கள்."

"நான் நினைச்சன் ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கேல்லை எண்டு."

"அதுவும் இருக்கலாம்," என்றேன். அவன் கல்லைத் தூக்கி என் மேல் எறிந்தான்.

அதன் பிறகு அவன் ஆடியதைப் பார்க்க வேண்டும். பந்தைக் காலடியில் நிறுத்துவான், தலையை நிமிர்த்துவான், மைதானத்தின் மறு அந்தத்தில் ஓடுகிறவனின் காலில் கொண்டுபோய் வைப்பான். விசில் அடித்த சனம் கை தட்டியது. அண்ணை கூட ஒரு சனிக்கிழமை காசு கொடுத்து உள்ளே வந்தார். ரயில் நிலையக் கடையில் அவன் அடுத்த வருடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். தாயோடு இங்கிலாந்தில் இருக்கிற மகளைக் கோடையில் கூப்பிடலாம், ஏரியில் படகு இருக்கிறது, மலை தெரியும் என்றான். மலை உண்மையாகவே தெரிய ஆரம்பித்திருந்தது.

பருவம் முடியுமுன் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு பேசினார். நீண்ட நேரம் பேசினார். நெஞ்சில் கை வைத்தார், ஜன்னலைக் காட்டினார், ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவர், சொல்ல வேண்டியதை நோகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முடித்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"நல்ல மனுசனாம் நீ," என்றேன். "அடுத்த வருசம் இல்லையாம்."

"அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர். நீ இவ்வளவுதான் சொல்லுறாய்."

"மிச்சத்துக்கு என்ர இங்கிலிஷ் காணாது."

"காணும்," என்றான். "இங்கிலாந்திலையும் இப்பிடித்தான் சுத்திச் சுத்திச் சொல்லுவாங்கள். உன்னைப்போலை ஒருத்தன் அங்கையும் இருந்திருக்கலாம்." பிறகு கேட்டான்: "முழங்கால் எண்டவரோ?"

"ஓம். திரும்பி ஓடேக்கை நொண்டுறாயாம். இளம் பெடியன் ஒருத்தன் வாறானாம்."

அந்தச் சொல் விளங்காததுதான் காரணம், விளங்கியதும் எல்லாம் சரிவரும் என்று நானும் நம்பியிருந்தேன். சொல் சரியாகிவிட்டது. காலுக்கு நான் என்ன செய்ய முடியும்?

வேறு கழகம் ஏதும் எடுக்குமா என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். பயிற்சியாளர் கோப்பிக் கரண்டியை எடுத்துத் தட்டில் நேராக வைத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசிப் போட்டியில் முழு நேரமும் ஆடினான். நன்றாகவே ஆடினான், இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. இது அவனுடைய கடைசி ஆட்டம் என்று சனத்துக்குத் தெரியாது. அவன் சொல்ல விடவில்லை. மற்றவர்கள் குளித்துவிட்டுப் பியர் குடிக்கப் போனார்கள். நான் கீழே மெஷின்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பை நிறைய உடுப்போடு படியிறங்கி வந்தான். வந்த நாளில் இருந்து அவனுடைய சொந்த உடுப்பையும் அணியின் உடுப்போடு சேர்த்து நான்தான் தோய்த்துக் கொடுத்தேன். பையை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

"இதை எப்பிடிச் செய்யிறது?" என்றான்.

"என்னத்தை?"

"தோய்க்கிறதை."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. முதலில் தாய் தோய்த்தாள். பதினாறு வயதில் இருந்து கழகங்கள் தோய்த்தன, கட்டிய பிறகு மனைவி. இங்கே நான். அவன் இருந்த கட்டடத்தின் அடியில் தோய்க்கும் அறை இருந்தது, கிழமையில் ஒரு நாள் அவனுடைய முறை, அதைத் திறக்கிற திறப்பும் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

"அங்கை போய் ஆரைக் கேக்கிறது?" என்றான். "இந்த வயதிலை."

நான் மெஷினைத் திறந்து விலகி நின்றேன். வெள்ளையை வேறாக எடு என்றேன். சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார் என்றேன். அவன் தூளைக் கோப்பை நிறைய அள்ளினான், பாதியைத் திருப்பிக் கொட்ட வைத்தேன். எந்தச் சூட்டில் வைப்பதென்று காட்டினேன். கதவை அவனே மூடினான், பொத்தானை அவனே அமத்தினான். இரண்டு பியர்ப் பெட்டிகளைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து கண்ணாடிக் கதவைப் பார்த்தோம். தண்ணீர் ஏறியது. சட்டைகள் ஒரு தரம் சுழன்றன, நின்றன, மறு பக்கம் சுழன்றன.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டைகள் மெல்ல ரோசா நிறமாக மாறத் தொடங்கின. அணியின் சிவப்புக் காலுறை ஒன்று உள்ளே போயிருந்தது.

"இப்பிடித்தானோ வரும்?" என்றான்.

"இல்லை."

"நிப்பாட்டலாமோ?"

"ஏலாது. உள்ளுக்குத் தண்ணி நிக்குது. முடியிற வரைக்கும் கதவு திறக்காது."

அவன் தலையாட்டினான். பெட்டியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான்.