எத்தனை போனது, எத்தனை வந்தது

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. இதே கதையைப் போன வருடம் வேறு யாராவது என் கடைக்கு வந்து சொல்லியிருந்தால், ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுத்து, "கனநேரம் வெயிலுக்குள்ளை நிண்டனீங்களோ?" என்று கேட்டு அனுப்பியிருப்பேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சண்டைக் காலம் முழுவதும் திருகோணமலையை விட்டு நான் எங்கும் போகவில்லை. பயப்படுவதற்கு அப்போது உயிரோடு இருந்த மனிதர்களே போதும், பேயைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

துறைமுகப் பக்கம் போகிற வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, அடையாள அட்டைப் படம், பழைய படங்களைத் துப்புரவாக்கிக் கொடுப்பது, இதுதான் தொழில். கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கிற றிஸ்வான் என் நெடுநாள் சிநேகிதன், விமானம் என்றால் பைத்தியம். இரைச்சலைக் கேட்டே எந்த விமானம் என்று சொல்வான். அவனுடைய மாமா படம் பிடிக்கிறவர், இந்தக் குடாவுக்கு மேலே நடந்த விமானக் கண்காட்சிகளை எல்லாம் பிடித்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, படங்கள் நிறைந்த பிஸ்கட் தகரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு றிஸ்வான் என் கடைக்கு வந்தான்.

"அண்ணன், இதையெல்லாம் ஸ்கேன் பண்ணுவம். ஆக்களிட்ட நினைவுகளையும் கேட்டு எடுப்பம். பெரிசாப் பிரிண்ட் போட்டு ஒரு நாள் சனத்துக்குக் காட்டுவம்" என்றான்.

எனக்கும் ஆசைதான். முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, கண்காட்சி பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று போட்டான். நினைவுகள் வந்து குவிந்துவிட்டன. ஒருவர் செருப்பைத் தொலைத்த கதை எழுதினார், ஒருவர் தன் மனைவியை முதன்முதலாகக் கண்டதே அங்கேதான் என்று எழுதினார். சண்டை முடிந்த பிறகு நடந்த கண்காட்சியைப் பற்றி ஒரு அம்மா எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே சனம் கைதட்டிக்கொண்டிருக்க, விமானச் சத்தத்தைக் கேட்டதும் அவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாராம்.

நாங்கள் முதலில் எடுத்தது மிகப் பழைய கண்காட்சியை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது. நானும் போயிருக்கிறேன், ஆனால் நெஞ்சு அதிர்ந்ததைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகமில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். கடற்கரை நிறையச் சனம், எல்லோருடைய முகமும் ஆகாயத்தைப் பார்த்தபடி. வெயிலுக்குக் குடை கொண்டு வந்தவர்களும் மடக்கிக் கையில் வைத்திருக்கிறார்கள், பிடித்தால் மேலே தெரியாதே. ஒரேயொரு குடை மட்டும் விரித்தபடி இருந்தது. வெள்ளைக் குடை, அதன் கீழே ஒரு பெண்ணின் சேலைக்கரையும் காலும் தெரிகிறது, அவ்வளவுதான்.

"விமானம் பார்க்க வந்து குடைக்குள்ள நிக்கிறா பாருங்க" என்று றிஸ்வான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் றிஸ்வான் ஜும்ஆவுக்குப் போய்விட்டான், தொழுகை முடிந்தால் கிண்ணியாவில் ஏதோ வேலை, வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். சாப்பாட்டு நேரம் ஆட்கள் வரமாட்டார்கள் என்று நான் கடைக் கதவை அரைவாசிக்கு இறக்கிவிட்டு, முன் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். வேலையில் மூழ்கி நேரம் போனதே தெரியவில்லை, மூன்று மணியாகியிருக்க வேண்டும். கோடை வெயில், வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இல்லை. பட்டப்பகல், அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

கையில் இருந்த படத்தில் ஐந்து விமானங்கள் புகையை விட்டுக்கொண்டு குடாவுக்கு மேலே போகின்றன. நல்ல படம், பெரிதாகப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் முன் மேசைப் பக்கம் ஒரு பெண் குரல்.

"தம்பி, எத்தினை போச்சு?"

வயதான குரல். மரியாதையாகத்தான் கேட்டது. நான் திரும்பவில்லை. வாடிக்கையாளர் யாரோ எட்டிப் பார்த்துக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன், நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை வேலையில் இருந்தது, வாய் தன்பாட்டில் பதில் சொன்னது.

"அஞ்சு" என்றேன்.

படத்தை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினேன். வெளிச்சம் ஒரு தரம் ஓடி முடிந்தது. திரையில் படம் வந்தது.

"எத்தினை வந்தது?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"நாலு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஐந்தல்லவா இருக்க வேண்டும்? திரும்பினேன். முன் மேசையில் யாரும் இல்லை. குனிந்து கதவுக்குக் கீழால் வெளியே வந்து வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது, வேறு அசைவே இல்லை. அந்த வீதியில் ஒரு கிழவி அவ்வளவு கெதியாக மறைந்து போக ஒரு குறுக்கு ஒழுங்கைகூட இல்லை.

அப்போதும் நான் பயப்படவில்லை, சத்தியமாக. உள்ளே வந்து படத்தை எடுத்துப் பார்த்தேன், ஐந்து. திரையில் நான்கு. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆகாயம், புகைக்கோடுகூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஸ்கேன் பண்ணினேன். நான்கு. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எரிச்சல்தான் வந்தது. பகிடியாக இருக்கட்டும் என்று றிஸ்வானுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.

"அண்ணன், நீங்க என்ன சொன்னீங்க? நாலு எண்டா சொன்னீங்க?"

"ஓம். ஏன்?"

"காலையில நம்மட பக்கத்துக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்த. உங்களுக்கு அனுப்புறன். கேட்டுட்டு எடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூதூரில் இருந்து ஒரு பெண் பேசி அனுப்பியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, நிதானமான குரல். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், அத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.

"அப்ப எனக்குப் பத்து வயசு. விமானம் பார்க்க நாங்க அஞ்சு பேர் வள்ளத்துல வந்த. வாப்பா, உம்மா, ராத்தா, நான், தம்பி. கடற்கரையில எனக்குப் பக்கத்துல ஒரு பொம்புள வெள்ளைக் குடை புடிச்சிட்டு நிண்டா. மேல பார்க்கவே இல்ல. 'மகள், எத்தின போச்சு?' எண்டு கேட்டா. அஞ்சு எண்டு சொன்னன். கொஞ்சத்தால 'எத்தின வந்த?' எண்டு கேட்டா. புகைக்குள்ள ஒண்டு மறைஞ்சிட்டு, எனக்கு விளங்கல்ல. நாலு எண்டு சொல்லிட்டன்."

அவருக்குப் பின்னால் ஒரு சேவல் கூவுவது கேட்டது.

"பின்னேரம் வள்ளத்துல ஏறக்குள்ள தம்பியக் காணல்ல. நாலு பேர்தான் ஊட்டுக்கு வந்த. இண்டைக்கு வரைக்கும் கிடைக்கல்ல. இத உங்கட பக்கத்துல போட வேணாம் தம்பி. சும்மா மனசுல கிடந்ததச் சொன்னன்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முதல் நினைப்பு பிள்ளைகள். மூத்தவள் கம்பஸில், சின்னவன் வகுப்பில். இரண்டு பேருக்கும் எடுத்தேன், இரண்டு பேரும் பேசினார்கள். அப்பா ஏன் இப்படி மூச்சு வாங்குகிறீர்கள் என்று மகள் கேட்டாள். பிறகு மனைவி மலருக்கு எடுத்தேன். ஒரு தரம் மணி அடிக்க முதல் எடுத்துவிட்டாள்.

"நானே உங்களுக்கு எடுக்க வெளிக்கிட்டனான். தம்பியின்ரை வள்ளம் இன்னும் வரேல்லையாம். விடிய அஞ்சு வள்ளம் ஒண்டாப் போனதாம். மற்ற நாலும் பன்னிரண்டு மணிக்கே வந்திட்டுதாம்."

மலரின் ஊர் சல்லி. அவளுடைய தம்பி சசி அங்கே கடல் தொழில் செய்கிறான். கல்யாணமாகி ஒரு வருடம், அவன் மனைவி வாணிக்கு அப்போது ஆறு மாதம்.

நான் மலரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எப்படிச் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால் தெரியாது. சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதுகூட நினைவில் இல்லை. கடற்கரையில் நான்கு வள்ளங்கள் மணலில் இழுத்து விட்டிருந்தன. வாணி ஒரு வள்ளத்தின் நிழலில், வயிற்றில் கையை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும், "அண்ணை, எஞ்சின் பழுதாத்தான் இருக்கும், என்ன?" என்று கேட்டாள்.

யாரிடம் சொல்வது? மத்தியானம் கடையில் இருந்து ஒரு குரலுக்கு நாலு என்று பதில் சொல்லிவிட்டேன், உன் புருஷனை நான்தான் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல முடியுமா? இரண்டு வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு தேடப் போனார்கள். நானும் வருகிறேன் என்றேன், கடல் பழக்கமில்லாத ஆள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பெண்கள் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் போனார்கள். நான் அலை காலில் படுகிற இடத்தில் போய் நின்றுகொண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, "அஞ்சு, அஞ்சு, அஞ்சுதான் வந்தது" என்று கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிழையாகச் சொல்லிவிட்டேன், மாற்றி எழுதிக்கொள் என்பதுபோல. மலர் வந்து கையைப் பிடித்தாள்.

"என்ன எண்ணுறீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"அவன் வருவான். நீங்களே இப்பிடி நிண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

ஒரு மனிதன் ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க எவ்வளவு பாடுபடுவான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். சூரியன் இறங்கும் நேரம் தேடப் போன வள்ளங்களில் ஒன்று வெறுமனே திரும்பி வந்தது. அப்போதுதான் வாணி முதல் தடவை சத்தம் போட்டு அழுதாள்.

ஆறரை மணி போல, இருள் கட்டத் தொடங்கும்போது, மற்ற வள்ளம் சசியின் வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. சசியும் இருந்தான், அவனோடு போன ராசனும் இருந்தான். உதடு வெடித்து, தோல் கறுத்து, ஆனால் உயிரோடு. வாணி தண்ணீருக்குள் இறங்கி ஓட, இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். நான் மணலில் அப்படியே இருந்துவிட்டேன். எஞ்சின் நின்று போய், நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், அவ்வளவுதான். கடலில் நடக்கிற விஷயம். ஐந்தும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. றிஸ்வானும் ஆறுதல் சொன்னான். மறுநாள் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கிண்ணியாவில் வேறு ஒரு இயந்திரத்தில் ஸ்கேன் பண்ணினான், ஐந்து விமானமும் ஒழுங்காக வந்தது. உங்கட ஸ்கேனர்தான் பழுது அண்ணன் என்றான். அந்த ஸ்கேனரைக் கழற்றித் திருத்துபவரிடம் கொடுத்தேன், அவர் ஒரு பிழையும் இல்லை என்று திருப்பித் தந்தார். பரவாயில்லை, இயந்திரம்தானே. மூதூர்ப் பெண்ணின் தம்பி காணாமல் போனதும் நான் கேட்ட குரலும் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சசி வாணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். மலரும் வாணியும் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சசி முன்னறையில் என்னோடு இருந்தவன், எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டனீங்களோ?"

"போன் எடுத்தனான். உன்ரை போன் வேலை செய்யேல்லை."

"போன் இல்லை அத்தான். போன் தண்ணிக்குள்ளை விழுந்து காலமையே செத்துப் போச்சு." அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "மூண்டு மணி இருக்கும். காத்தில்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. உங்கடை குரல் கேட்டது. வள்ளத்துக்குள்ளை பக்கத்திலை இருந்து சொல்ற மாதிரி. முதல்லை அஞ்சு எண்டீங்கள். பிறகு நாலு எண்டீங்கள். எனக்கு விசர் எண்டு நினைச்சன். ராசனைப் பார்த்தன், அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் கேட்டது."

கடையில் நடந்ததை அதுவரை நான் றிஸ்வானைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மலருக்குக்கூட. சசிக்கும் றிஸ்வானுக்கும் ஆளை ஆள் தெரியாது.

"வேறை ஏதும் கேட்டதோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

குசினியில் வாணி எதற்கோ சிரித்தாள்.

"நீங்கள் நாலு எண்டு சொன்ன உடனை ஒரு பொம்பிளை மறுமொழி சொன்னவ. வயசான பொம்பிளை. 'சரி' எண்டவ. அவ்வளவுதான், ஒரு சொல்லு."

"எப்பிடிச் சொன்னவ?"

"கோவமா இல்லை அத்தான். நல்ல சந்தோசமா."