பின் சீட்டுக்கு ராசி உண்டா?

என் மகள் தும்மினாள். அதனால்தான் கார் வாங்கினோம்.

சிரிக்காதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. எங்களிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. அதில் சாம்பிள் மூட்டைகளை ஏற்றி ஏற்றி, அதைச் சக்கரம் வைத்த குடோனாகவே மாற்றிவிட்டார் மனிதர். கதவைத் திறந்தால் நெடி. ஏசி போட்டால்... வேண்டாம், எழுதும்போதே தொண்டை கமறுகிறது. எங்களுக்குப் பழகிவிட்டது. மாசமாக இருக்கும் மகள் அபிக்குப் பழகுமா? ராஜபாளையத்தில் புகுந்த வீட்டிலிருந்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, வழிநெடுக வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்மினாள்.

"அம்மா, வளைகாப்பு முடிஞ்சு இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போகப் போறீகன்னா சொல்லிருங்க. நான் பஸ்லயே வந்துர்றேன்" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு. அதற்குள் வேறு வண்டி. அதுவும் செடான்.

ஏன் செடான்? டிக்கி தனியாக இருக்கும். அவர் வத்தலைப் பின்னால் போட்டு மூடிக்கொள்ளட்டும், நாங்கள் முன்னால் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை ஊரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை! பார்க்கிறவர்கள் எல்லாம் 'பெரிய வண்டி எடுங்க, பெரிய வண்டி எடுங்க' என்று ஒரே பாட்டு. செடான் என்றால் ஏதோ டைப்ரைட்டர் வாங்கப் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஷோரூம் தம்பி ஒருபடி மேலே போய், "மேடம், இந்த உயரமான மாடல்ல சன்ரூஃப் இருக்கு" என்றார். விருதுநகர் வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? வத்தல் காயப் போடவா?

செடான்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சரி, புக் பண்ணுங்கள், வண்டி வர மாதக்கணக்காகும் என்றார்கள். குழந்தை அதுவரைக்கும் காத்திருக்குமா? புதுசு வேண்டாம், பழசு பார்ப்போம் என்று ஒரு புரோக்கரிடம் சொன்னேன்.

அவர் சிவகாசிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் அண்ணாச்சி, பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறவர். அவருடைய வண்டிதான். வெள்ளி நிறம். கீறல் இல்லை. இன்ஜின் சத்தம் கேட்கவே இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்த என் வீட்டுக்காரர் முகத்தில், பெண் பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளையின் களை. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. முன் சீட்டில் பழைய கவர், பின் சீட்டில் மட்டும் புத்தம் புதுசு.

"பின் சீட்டுக்கு மட்டும் ஏன் புதுசா போட்டிருக்காக?" என்று கேட்டேன்.

புரோக்கர் வேகமாக, "அண்ணாச்சி சுத்தபத்தமான ஆளும்மா" என்றார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"சொல்லிடுறேன்மா. கேட்டுட்டு வேண்டாம்னா டீயைக் குடிச்சிட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன். போன சீசன்ல விஸ்வநத்தம் பக்கம் லேபிள் இறக்கிட்டுத் திரும்புறேன். ஒரு பட்டாசுக் கம்பெனியில வெடிச்சிருச்சு. உடம்பெல்லாம் வெந்த பொண்ணு ஒருத்தியத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வாறாக. எனக்கு முன்னாடி வண்டிக நின்னுச்சு. பாத்தாக. சீட்டு பாழாயிரும்னு நெனச்சாகளோ என்னமோ, போயிட்டாக. ஆம்புலன்சு வாறவரைக்கும் நிக்க எனக்கு மனசு வரல. பின் கதவைத் தொறந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் டிக்கியை மூடிவிட்டார். "சரி அண்ணாச்சி, வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். இந்த வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். வேண்டாம்.

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்ல அண்ணாச்சி!"

பொய் சொல்ல மாட்டேன், நானும் சீட்டில் வைத்திருந்த கையை எடுத்தேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருக்காம்மா. நல்லாருக்கா. வண்டி பாக்க எம்புட்டோ பேரு வந்தாக. ஒருத்தர்கூட இதைக் கேக்கல. கதவைத் தொறந்தேன்னு சொன்னதுமே எந்திரிச்சுருவாக. என் வீட்டம்மாவே இதுல ஏற மாட்டேங்கிறா. பெறகு எதுக்கு வச்சிருக்கணும்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

வெடி என்று காதில் விழுந்ததும் மீதிக் கதையை நாமே எழுதி, ஆளையும் சாகடித்து, காரியமும் முடித்துவிடுகிறோம். சரி... ஒரு கேள்வி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசுக் காசு படாத வீடு எது? லேபிள் அடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், டீக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் — சீசன் நன்றாக இருந்தால்தானே எல்லோருக்கும் தீபாவளி? எங்கள் கடையில் வத்தல் வாங்கும் மளிகைக்காரருக்கே அந்தச் சம்பளக் காசுதானே வருகிறது? காசில் தீட்டு இல்லை. அந்தக் காசுக்காக வெந்தவள் படுத்த சீட்டில் மட்டும் தீட்டு! எந்த ஊர் நியாயம் இது?

"அந்தப் பொண்ணு வீட்டைக் காட்டுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

விஸ்வநத்தத்தில் அந்தப் பெண், முனீஸ்வரி, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அபியை விடக் கொஞ்சம் மூத்தவள். முழங்கைக்குக் கீழே வரை இறங்கிய ரவிக்கைக் கை, அதற்குக் கீழே சுருங்கிய தோல். எதற்காக வந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? நான் தடுமாறியபோது அவளே பேச்சை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி வண்டியையா வாங்கப் போறீக? நல்ல வண்டிம்மா, வாங்குங்க. ஏறுனதும் ஏசியை முழுசாத் திருப்பி விட்டாரு. அந்தக் குளிர்ச்சி இருக்கே... அம்மா மடியில படுத்தாப்புல. எரிச்சல்ல கண்ணு தெரியலன்னாலும் ரோடு தெரியும்ல? குலுங்கவே இல்ல. ஆஸ்பத்திரியில இறக்கி தள்ளுவண்டியில போட்டுத் தள்ளுனாக பாருங்க, அப்பத்தான் உசுரு போச்சு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். கார் விமர்சனம் என்று போனில் எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்? சஸ்பென்ஷன் பற்றி இப்படி ஒருவரும் சொன்னதில்லை. மகளை ஏழாம் மாதத்தில் அழைத்துவர வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

"ராசியில்லாத வண்டின்னு சொல்றாகளே..." என்று என் வீட்டுக்காரர் மெல்ல இழுத்தார்.

முனீஸ்வரியின் சிரிப்பு நின்றது. "அந்த வண்டியில ஏறித்தான் பொழச்சேன். அதுக்கே ராசியில்லைன்னா நான் யாருங்கய்யா? என்னையும் இப்ப நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடுறதில்ல. சொந்தத் தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு, உனக்கு எதுக்கு அலைச்சல்னு சொல்லிட்டாக. அலைச்சலா எனக்கு?"

என் வீட்டுக்காரர் கீரையைப் பார்க்க ஆரம்பித்தார். நான்தான் பேசினேன்.

"என் மகளுக்கு வளைகாப்பு. நீ வரணும்."

"நான் வந்தா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாகம்மா."

"சொல்லட்டும். அவுக சொல்றதை நானும் கேக்கணும்ல?"

அன்றே வண்டியைப் பேசி முடித்தேன். பேரமும் பேசினேன். கண்ணீர் வேறு, பேரம் வேறு. விருதுநகர்க்காரிக்கு இதுகூடத் தெரியாதா? வீட்டுக்காரரின் திருப்திக்காக இருக்கன்குடிக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். மாரியம்மன் சந்நிதி வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றியவள் நான்தான். வெந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வண்டியை அம்மன் கோபிப்பாளா? எனக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை.

ஆனால் சம்பந்தியம்மாளுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கார் வருவதற்கு முன்பே காரின் கதை வந்து சேர்ந்துவிடும். வளைகாப்பு அன்று, வழியில் முனீஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் நாங்கள் போய் இறங்கியதும் என்னைத் தனியாக அழைத்தார். தனியாக என்றால், பந்தலில் பாதிப் பேருக்குக் கேட்கிற தனி.

"மதினி, தப்பா எடுத்துக்காதீக. அந்த வண்டியில ஒருத்தி வெந்து செத்தாளாமே? எங்க வீட்டு வாரிசு அதுலயா வரணும்? என் தம்பி வண்டி நிக்குது, பெரிய வண்டி. அதுல அனுப்பி வைக்கிறேன்."

மகள் அவர்கள் வீட்டில் இருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கூடச் சொன்னால் அவளுக்குத்தான் சங்கடம். சரி என்று தலையாட்டிவிடலாம். ஒரு நாள் பயணம்தானே? அப்படித்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகியிருக்கிறோம்? ஆனால் பந்தல் ஓரத்தில், புதுச் சேலை கட்டிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் முனீஸ்வரி நிற்கிறாளே! நான் தலையாட்டினால் அவள் கதி?

"செத்தவ இந்தா நிக்கிறா மதினி. என்னன்னு நீங்களே கேட்டுக்கிடுங்க" என்றேன்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். சம்பந்தியம்மாள் முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முனீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூப்பிட்டு அவமானப்படுத்திவிட்டோமோ?

மணையில் உட்கார்ந்திருந்த அபி கையை நீட்டினாள். "அக்கா, வாங்க. எனக்கு வளையல் போட்டுவிடுங்க."

முனீஸ்வரி நகரவில்லை. சம்பந்தியம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளையே பார்த்தார்.

"பாத்துப் போடும்மா. கண்ணாடி வளையல், உடைஞ்சிரப் போகுது" என்றார் சம்பந்தியம்மாள் கடைசியில்.

முனீஸ்வரி போட்டாள். ஒன்றுகூட உடையவில்லை.

அத்தோடு முடிந்ததா? எங்கள் சம்பந்தியம்மாளை உங்களுக்குத் தெரியாது. "வளையல் சரி மதினி, வண்டி வேற" என்றார். "அந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவேன்" என்றேன் நான். "அப்ப நானும் வாறேன். எம் மருமகளுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல நான் இருக்கணும்" என்றார். "வாங்க மதினி, மூணு பேரு தாராளமா உக்காரலாம்" என்று பின் கதவைத் திறந்துவிட்டேன்.

நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் வீட்டுக்காரர். பின்னால் ஜன்னலோரம் அபி, நடுவில் சம்பந்தியம்மாள், அந்தப் பக்கம் முனீஸ்வரி. சம்பந்தியம்மாள் என் சீட்டின் மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அந்தச் சத்தம் கேட்டது. அப்புறம் சீட்டை விட்டுவிட்டார். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

சிவகாசி வந்தது. முனீஸ்வரி இறங்க வேண்டிய இடம். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தால், சம்பந்தியம்மாள் அவள் தோளில் முழுசாகச் சாய்ந்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"கை வலிக்குதா? எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்மா, தூங்கட்டும்" என்று முனீஸ்வரி கிசுகிசுத்தாள். "நான் விருதுநகர் வரைக்கும் வந்துட்டு பஸ்ல திரும்பிக்கிடுறேன்."

வண்டியைக் கிளப்பினேன். நீங்களே சொல்லுங்கள், ராசி கெட்ட வண்டியில் யாருக்கய்யா இப்படித் தூக்கம் வரும்?