மாப்பிள்ளை அனுப்பிய கிரேக்கக் காசு

போன செவ்வாய்க்கிழமை நான் சைக்கிள் மிதித்த வேகத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் ஏதோ விபரீதம் என்றே நினைத்திருப்பார்கள். விபரீதம்தான்!

என் தங்கை ஜெசிந்தாவின் மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. கல்யாணமான பத்தாம் நாள் கப்பலேறியவர். கிரேக்க தேசத்தில் ஒரு பழைய வெள்ளிக்காசை வாங்கி, நம் ஹார்பருக்கு வந்த கூட்டாளி கையில் கொடுத்தனுப்பியிருந்தார். பதக்கமாகக் கட்டிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவர் அனுப்பிய முதல் பொருள்! காசு கறுத்துக் கிடந்தது. காலையில் நானே ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பளபளன்னு இருக்கணும் அண்ணாச்சி" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்... நமக்குத்தான் எல்லாம் தெரியுமே!

மத்தியானத் தபாலில் மாப்பிள்ளையின் கடிதம். 'ஏசுநாதர் பிறப்பதற்கும் முந்தின காசு. ஒரு பக்கம் அவர்களுடைய பெண் தெய்வம், மறுபக்கம் ஆந்தை. நெருப்பில் காட்டவே கூடாது. தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் அது வெறும் வெள்ளித்துண்டு.'

ஜெசிந்தாவின் முகம் வெளிறிவிட்டது. "இங்கன நின்னுக்கிட்டு என்னண்ணே பாக்க? ஓடுண்ணே! அவுக வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

வழியெல்லாம் பட்டறை நினைப்புதான். பழைய வெள்ளி பட்டறைக்கு வந்தால் முதல் வேலை என்ன? நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, புளித்தண்ணீரில் போட்டு, பூந்திக்கொட்டை நுரையில் தேய்ப்பது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டா செய்வார்கள்?

பட்டறையில் உமி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. முதலில் அதற்குள்தான் எட்டிப் பார்த்தேன். "அண்ணாச்சி... காசு?"

"நெருப்புல வைக்கலாம்னுதான் எடுத்தேன். கை வரல" என்றார் ஆசாரி, காசை நீட்டியபடி. "மாதா மொகத்துல எப்படி நெருப்பக் காட்டுதது? கிரீடம் இருக்கு, பாருங்க. பின்னால பொறா, பக்கத்துல எலைக்கொத்து. ஒங்க கோயில்ல பாத்திருக்கம்லா? பொறா கண்ணுதான் கொஞ்சம் பெருசா முழிக்கி. அப்படியே சுத்தி வளையம் கட்டித் தந்திருதேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அடுத்த பயமும்! அது மாதா இல்லை, புறாவும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டால்? சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுப்பு இன்னும் அணையவில்லையே...

"ஆமா அண்ணாச்சி, பொறாதான்" என்றேன்.

இந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவமென்று சொல்ல, என்னிடம் ஓர் ஆந்தை இருக்கிறது!