பவர் பேங்குக்கு வைத்த பொட்டு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப்பொருள் வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துதான் எடுப்போம். மலையேற்றத்துக்காக தி.நகரில் வாங்கிய பவர் பேங்குக்கும் அப்படியே வைத்தேன்.

முதல் நாள் மாலை, என்னோடு கூடாரத்தில் தங்கிய தேனாம்பேட்டை தீபா அதைக் கேட்டு வாங்கினாள். சற்று நேரத்தில், "சார்ஜே ஏறலக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள். பார்த்தால், பொட்டைக் காணோம்! அவளிடமும் அதே போலக் கறுப்பு பவர் பேங்க் ஒன்று கெட்டுப்போய்க் கிடந்தது. மாற்றிவிட்டாள் என்றே முடிவுகட்டினேன்.

மறுநாள் அவள் பின்னாலேயே நடந்தேன். பாதையைப் பார்க்காமல் அவள் பையையே பார்த்ததில், ஈரப்பாறையில் கால் வழுக்கியது. பள்ளத்தில் சரியாமல் என்னைப் பிடித்து இழுத்தவளும் அவள்தான். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொட்டு வெச்ச என் பவர் பேங்க் எங்க?"

தீபா நான் நீட்டிய பவர் பேங்கை வாங்கி, கேபிள் செருகும் துளைக்குள் டார்ச் அடித்தாள்.

"இன்னாக்கா, உங்க பொட்டு உள்ளதான் கீது!"

காய்ந்து உதிர்ந்த சந்தனமும் குங்குமமும் துளையை அடைத்திருந்தன.

இப்போதும் புதுப்பொருளுக்குப் பொட்டு வைக்கிறேன், அட்டைப்பெட்டியின் மேல். தீபாவும் எங்களோடு மலையேற வருகிறாள். என்னிடம் மட்டும் எதையும் இரவல் கேட்பதில்லை.