புளி போட்டு மினுக்கிய செப்புத் தகடு

அக்காவின் கணவர், எங்கள் அத்தானைப் பற்றி எழுதுமுன் என் மடைத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் செய்தி நகரின் மறுகோடி மொன்ட்ரியால்-நோர் வரை போய்விட்டது. போன வருடம் அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன், அக்காவுக்கு உதவுவோம் என்று அத்தானின் பட்டறைக்குள் இறங்கினேன். மேசையில் ஒரு செப்புத் தகடு கன்னங்கரேலென்று, மயிரிழைக் கீறல்களோடு கிடந்தது. செம்பு கறுத்தால் நம்மவன் என்ன செய்வான்? சுடுதண்ணீர், கம்பிப் பஞ்சு, பழப்புளி, உப்பு. கோயில் குடம்போல மினுக்கி அக்காவிடம் பெருமையோடு நீட்டினேன்.

அது அழுக்கல்ல, மெழுகாம். தகட்டில் கறுப்பு மெழுகு பூசி, அதில் ஊசியால் படத்தைக் கீறி, பிறகு அமிலத்தில் தோய்த்தால்தான் கோடு செம்பில் பதியுமாம். இது இன்னும் அமிலம் காணாத தகடு, அத்தானின் கடைசித் தகடு. அவர் படுக்கையில் விழும்வரை கீறியதை நான் ஒரு பின்னேரத்தில் கழுவி ஊற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைப்பதில்லை. அம்மா போனபின் என்னை வளர்த்த அக்கா. ஆண்டுத் திவச நினைவு மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதும்படிகூடத் தம் மகளிடம்தான் சொல்லியனுப்பினார். குடும்பத்தில் தமிழ் எழுதத் தெரிந்த மற்ற எல்லோருக்கும் வேலை இருந்ததாம்.

அத்தான் அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், மழை ஓயாத ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். டப்ளினில் செப்பில் படம் வெட்டப் பழகி, இளவயதில் இங்கே மொன்ட்ரியாலுக்கு வந்தார். படம் சோறு போடவில்லை. பகலில் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கேதான் பக்கத்து மேசையில் அக்கா. சனி, ஞாயிறு ஆற்றங்கரையும் மலையும். வானம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால் படம் விற்கும் என்ற படக் கடைக்காரரை, வெளியே போய் வானத்தைப் பார்க்கச் சொல்லிக் கதவைச் சாத்தியவர். பொய் சொல்லத் தெரியாதவர், மரியாதைக்குக்கூட. பெரியப்பாவைப் படமாகக் கீறித் தரக் கேட்டோம்.

"நான் மலைதான் கீறுவன். அவர் மலையெண்டால் கூட்டிக்கொண்டு வா."

பெரியப்பா தம் வயிற்றைத் தடவிக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார்.

அக்காவிடம் தமிழ் பழகிய அத்தானின் வாயில் முதலில் ஒட்டிய சொல் 'விசரன்', அதாவது பைத்தியக்காரன். என்னை வைத்துத்தான் பழகினார். எங்களுக்குள் சிறு மனத்தாங்கல் என்று எழுதினால் அது நினைவு மலருக்காகச் சொல்லும் பொய். நாங்கள் பகைவர்கள்.

ஆற்றோரப் புறநகரான புவாண்ட்-கிளேரில் நான் வீடு வாங்கியதும், அதைக் கீறித் தரும்படி கேட்டேன். "காரையும் சேருங்கோ அத்தான்." ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தார். கொண்டுவந்த படத்தில் ஆறு இருந்தது, பனி இருந்தது, முற்றத்து மேப்பிள் மரம்கூட இருந்தது.

"வீடு எங்கை அத்தான்?"

"ஆத்தை மறைச்சுக்கொண்டு நிண்டது. எடுத்துப்போட்டன்."

"சனம் பாக்க வருகினம். வீடில்லாத படத்தை நான் எங்கை மாட்டுறது?"

"வீட்டுக்குள்ளைதான். வெளியிலை குளிரும்."

படத்தை நிலவறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கேள்விப்பட்ட அத்தான், "சுவருக்காவது ரசனை இருக்கட்டும்" என்றார். அதன்பின் கொண்டாட்டங்களில் எங்களுக்கு எதிரெதிர் மேசை. நடுவில் அக்கா.

அத்தானின் கடைசி இலையுதிர் காலத்தில் அவருடைய பழைய கார் என் வீட்டுக்கு எதிரே பல நாள் வந்து நின்றது. நோய் முற்றிய வருத்தக்காரர் சண்டைக்கு ஆள் தேடுகிறார் என்று நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

"தேத்தண்ணியாவது குடுப்பமே?" என்றாள் மனைவி.

"வேணுமெண்டால் மணி அடிக்கட்டும்."

அவர் அடிக்கவில்லை. முதற்பனியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

இரவுபகல் பார்த்த தாதியருக்கும், பனியில் காரோட்டி வந்த உறவுகளுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், அத்தானின் அச்சுப் பொறியை இன்றும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கும் எங்கள் நன்றி. அந்த நண்பர் என்னைப் பட்டறைக்குள் விடுவதில்லை. அதற்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தார்.

"அக்கா, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, பேந்து கரைச்சல் தரமாட்டன். அந்தத் தகட்டிலை அத்தான் என்னத்தைக் கீறியிருந்தவர்?"

"உன்ரை வீட்டை."