புளி போட்டு விளக்கிய கடற்கற்கள்

1. ஆயுத பூஜைக்கு முதல் நாள்

கடல் தண்ணீர்ப் பீப்பாய்களோடு பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பி, பின்கட்டுக்குள் நுழைந்தேன். எங்கள் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முந்தின நாள் நான் கடலூரிலிருந்து கொண்டுவந்த கற்களைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடித்தவை வெள்ளை வெளேரென்று பலகையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம்.

விளக்காத கல் மூன்றுதான் மிச்சம். ஓடிப்போய் அவற்றை வாரியெடுத்துப் பீப்பாயில் போட்டேன்.

"ஏம்மா அஞ்சலை, நாளைக்குப் பூசைய வச்சிக்கிட்டு அழுக்குக் கல்லப் போயி சுத்தமான தண்ணியில போடறியே?"

"அழுக்கு இல்ல மொதலாளி, அதுல உசுரு இருக்கு. அந்தப் புளித்தண்ணியப் பாருங்க."

வாளியில், கல் பொந்துகளிலிருந்து வெளியே வந்த புழுக்களும் குட்டி நண்டுகளும் சுருண்டு கிடந்தன. அவர் குனிந்து பார்த்தார். "பாத்தியா, எவ்ளோ அழுக்கு எறங்கியிருக்கு!" என்றார்.

அந்த வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று கோபம் வந்தது. ஆனால் மனுஷர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்தவர் புழங்கிய பாத்திரத்தைப் பழசாக வாங்கினால், புளி போட்டு விளக்கிப் பொட்டு வைக்காமல் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். கல்லும் அடுத்தவர் புழங்கியதுதானே? வேலைக்காரர்களிடம் விடாமல் தன் கையாலேயே விளக்கியிருக்கிறார்.

2. பழைய கல் எதற்கு

இது அறுபதுகளில் நடந்தது. சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் முதலாளிக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. கோயிலுக்கு வருகிற ஜனங்களில் பாதிப் பேர் திட்டக்குடி, சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயிகள். அவர்களுக்குக் கடல் மீனை உயிரோடு காட்டலாம் என்று லாட்ஜின் முன்ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி கட்டினார். நான் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள். மீனை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கத் தெரியும் என்பதால் தொட்டியைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துக்கொண்டார்.

இரண்டு தடவை மீன் விட்டோம். இரண்டு தடவையும் தண்ணீர் பால் போலக் கலங்கி, மீன் செத்து மிதந்தது. நாற்றம் தாங்காமல் லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் ரூமைக் காலி செய்துகொண்டு போனார்கள். முதலாளி சொல்லிவிட்டார்: "ஆருத்ரா தரிசனத்துக்குள்ள தொட்டியில மீனு ஓடணும். இல்லேன்னா தொட்டிய ஒடச்சிட்டு ஹாலை ரூமாக்கிடுவேன். நீயும் ஊரப் பாக்கப் போயிடு."

மறுபடியும் கூடை தூக்குவது எனக்குக் கேவலமில்லை. ஆனால் 'மீன்காரிக்குத் தொட்டி எதுக்கு' என்று சிரித்தவர்கள் முன்னால் தோற்றுப்போக எனக்கு மனசில்லை. அப்படி ஒரு வீம்பு.

அப்போதுதான் கடலூரில் ஒரு ஹார்பர் ஆபீசர் மாற்றலாகிப் போவதாகக் கேள்விப்பட்டு, அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லாம் தெற்கே மண்டபம் என்கிற ஊர்ப்பக்கத்துக் கடலிலிருந்து எடுத்துவந்த கற்களால்தான் என்றார். "இந்தக் கல்லுல ஒட்டியிருக்கற உயிருங்கதாம்மா தண்ணிய சுத்தம் பண்ணுது. காய வுட்டுடாத, கழுவிடாத" என்று சொல்லி எல்லாக் கல்லையும் கொடுத்துவிட்டார். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். அவர் சொன்னதை முதலாளியிடமும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, மறுநாள் நான் தண்ணீருக்குப் போன நேரத்தில் புளியைக் கரைத்துவிட்டார்.

3. மூன்று கல்

விளக்கிய கற்களைத் தூக்கியெறியவில்லை. புளி வாடை போகிறவரை கடல் தண்ணீரில் ஊறப்போட்டு ஊறப்போட்டு எடுத்தேன். தொட்டியில் அவற்றை அடுக்கி, நடுவில் அந்த மூன்று கற்களையும் வைத்தேன். ஒரு கரண்டி மோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குகிறதே, அந்த நம்பிக்கைதான்.

காற்றுப் பம்பு ஓடியது. மீன் விடவில்லை. தினமும் தண்ணீரை மோந்து பார்ப்பேன். கெட்ட வாடை வந்தால் பாதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவேன். ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"மீனில்லாத கண்ணாடிப் பொட்டிய எவன் வந்து பாப்பான்? நாளைக்கே எறக்கு."

"எறக்குனா சாவும் மொதலாளி. செத்தா என்னைய அனுப்பிடுவீங்க. அனுப்பறதுன்னா இப்பவே அனுப்புங்க, பாவம் மீனு ஏன் சாவணும்?"

"வாயி ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அனுப்பவில்லை.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளைக் கற்களின் மேல் பழுப்பாக ஒரு படலம் ஏறியது. பிறகு பச்சைப் புள்ளிகள். ஒருநாள் காலையில், சந்தனம் வைத்த இடத்திலேயே கடுகளவு நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்துபோய் ஒரே ஒரு கீச்சான் மீனைக் கொண்டுவந்து விட்டேன். அது பிழைத்தது. தண்ணீரும் கலங்கவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக மற்ற மீன்களை விட்டேன்.

ஆருத்ராவுக்கு முதல் நாள் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "பயப்படாத" என்று சொல்லி, வெளிக்கண்ணாடியில் மட்டும் பொட்டு வைத்தார். அந்த மூன்று கற்களில் ஒன்றின் பொந்திலிருந்து விசிறி போல ஒரு பூ விரிந்திருந்தது. அவர் விரலை நீட்டியதும் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"என்னாம்மா அது?"

"புழுதாங்க. கல்லுக்குள்ளயே குடியிருக்கும்."

அது மறுபடியும் எட்டிப் பார்க்கிறவரை அவர் அங்கேயே நின்றார்.

"அன்னிக்கி நான் வெளக்குன கல்லுலயும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு மொதலாளி."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. நான் அந்தத் தொட்டியைத் தலைநரைக்கும்வரை பார்த்துக்கொண்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பழைய கல் கைக்கு வந்தால் கழுவ ஓடாதீர்கள். முதலில் குனிந்து, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.