பார்க்காத படத்துக்காகப் போர்ட் கிள்ளானுக்குப் போனது

போர்ட் கிள்ளானுக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் போனது எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை. போன காரணத்தை இதுவரை எழுதியதில்லை. வெட்கம்தான்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ் சினிமா மாத இதழில் வேலை. விண்வெளிக் கப்பலைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படவரிசை பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் காட்சி காட்சியாகத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. நான்காம் பாகம் இங்கே திரைக்கு வருமுன் முந்திக்கொள்ள நினைத்து, ஓர் ஆங்கில இதழ் ஊகித்து எழுதியிருந்ததை எடுத்து, படம் பார்த்தவன் போலவே ஆறு பக்கம் எழுதிவிட்டேன்.

சில வாரங்களில் போர்ட் கிள்ளானிலிருந்து தெய்வானை என்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் கடிதம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவர் கணவர் மாணிக்கம் விபத்தில் பார்வை இழந்தவராம். என் கட்டுரைகளை அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். ஒருமுறை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். நல்ல பேட்டி கிடைக்கும் என்று கிளம்பினேன்.

காலை 9.10க்குக் கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் ஒரு வெள்ளி ஐம்பது காசு. அங்கே பஸ் மாறி இன்னும் எட்டு கிலோமீட்டர். லோரிகள் வரிசைகட்டி நின்றதால் அதற்கே நாற்பது நிமிடம். வழி கேட்டதற்குக் கண்டக்டர், “கடைசிக்கு முந்தின ஸ்டாப்ல எறங்கு லா பாஸ், நடந்தா அஞ்சு நிமிஷம்” என்றார்.

மாணிக்கம் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார். குடிக்க மைலோ வந்தது.

“நாலாவது பார்ட்டுக்கு நானும் டீச்சரும் தியேட்டருக்கே போனோம் தம்பி. இவ காதுல சொல்லிக்கிட்டே வந்தா. நீங்க எழுதுனதா இவ படிச்ச மாதிரி கேப்டன் சாகவே இல்ல. கப்பல் வெடிக்கிற சத்தமும் கேக்கல. இவளா கதை கட்டிப் படிச்சிட்டான்னு ஏசிட்டேன். மூணு வாரமா சரியா பேச்சில்ல.”

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏன் வரச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது.

“நீங்க படம் பாத்துட்டுதானே எழுதுனீங்க?” என்றார் அண்ணன்.

“பாத்தேண்ணே. எங்களுக்குப் போட்டது வேற பிரிண்ட், அப்புறம் மாத்திட்டாங்க. டீச்சர் படிச்சது சரிதான்.”

அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பி, “தப்பா நெனச்சிட்டேம்மா” என்றார்.

டீச்சர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். “எம்மேல தப்பில்லன்னு சொன்னீங்க, சரி. ஆனா இன்னொரு பொய் சொல்லிக் காப்பாத்தச் சொல்லி நான் கூப்பிடல தம்பி.” 2.20க்குப் பஸ் வரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

திங்களன்று படத்தைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். ஒன்பது பக்கம் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். முதல் பக்கத்தில் நான் செய்தது, மற்றவற்றில் திரையில் உண்மையாகவே இருந்தது. இதழில் திருத்தம் போட ஆசிரியர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

இப்போது போகிறவர்களுக்குக் கொமியூட்டர் ரயில் இருக்கிறது, பஸ் மாற வேண்டாம். கடைசி நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். நேரில் போகாத ஊரைப் பற்றி நான் இங்கே எழுதுவதில்லை, பதிவுகள் குறைவாக இருப்பது அதனால்தான்.

ஒரு மாதம் கழித்து டீச்சரின் பதில் வந்தது: “ஒன்பது பக்கத்தையும் வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார் அவர். முதல் பக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.”